திறந்த பூட்டுக்கும் ஓர் இடம்

டெல்லி. காலை ஏழு மணி. ஓக்லா தொழிற்பேட்டையை நோக்கிப் போகும் சாலைகளின் இடது ஓரம் சைக்கிள்களுடையது. கேரியரில் டிபன் டப்பா, ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் துணிப்பை, மறுபக்கம் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்ட சங்கிலிப் பூட்டு. பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் சங்கிலி இரும்பில் மோதிக் கலகலக்கிறது. லூதியானாவின் ஆலைப் பகுதியிலும் கான்பூரிலும் இதே காட்சி, இதே ஓசை.

அந்த ஓசையை யாரும் பொருட்படுத்துவதில்லை. சைக்கிளைப் பூட்டுவது பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. எங்கே நிறுத்துவது, எந்தக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுவது, எந்தப் பூட்டை எளிதில் உடைக்க முடியாது என்பதெல்லாம் டீக்கடை வரை பேசப்படும் விஷயங்கள். பூட்டைத் திறந்த பிறகு அது எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

எழ வேண்டிய கேள்விதான். சைக்கிள் பூட்டு ஆளைக் கவிழ்ப்பது பூட்டியிருக்கும்போது அல்ல; திறந்திருக்கும்போது.

பழைய இரும்பு சைக்கிளில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் (1949), சோனிபட்டில் அட்லஸ் (1951), லூதியானாவில் ஹீரோ (1956) என்று உள்நாட்டுத் தொழிற்சாலைகள் கிளம்பிய காலத்தில் சைக்கிள் என்றால் ஒரே அச்சுதான். 28 அங்குலச் சக்கரம், கறுப்பு வண்ணம், மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்ட். பின்சக்கரத்தை ஒட்டி லாட வடிவில் ஒரு பூட்டு, ஃபிரேமோடு திருகி இறுக்கப்பட்டிருக்கும். கட்டைவிரலால் நெம்பைக் கீழே தள்ளினால் வளைந்த கம்பி ஒன்று ஆரக்கம்பிகளுக்கு நடுவே பாய்ந்து சக்கரத்தை நிறுத்திவிடும். சாவியைத் திருப்பினால் சுருள்வில் கம்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் பூட்டு இருக்கும் இடம் ஒன்றே.

அந்தப் பூட்டுக்கு ஒரு குறை. அது சக்கரம் உருளாமல் தடுக்குமே தவிர, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. தெருவில் ஆள் நடமாட்டம் அதிகமாகவும் ஒருவருக்கொருவர் பழக்கமாகவும் இருந்த காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. நகரங்கள் பெருத்தன. பெயர் தெரியாத கூட்டத்துக்கு நடுவே சைக்கிளை விட்டுப் போக வேண்டியவர்கள் கம்பத்தோடு கட்டுவதற்கு ஒரு சங்கிலியும் வாங்கினார்கள். 1990களுக்குப் பிறகு பரவிய தடித்த டயர் சைக்கிள்களும் கியர் சைக்கிள்களும் இன்னொரு படி போயின. அவற்றில் பலவற்றில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பின்சக்கரப் பூட்டும் இல்லை. பூட்டு தனியாக வாங்க வேண்டிய பொருளாயிற்று. சைக்கிளின் உறுப்பாக இருந்தது சுமையாக மாறியது. அந்தச் சுமைக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினரிடம் சைக்கிள் இருந்தது. அவற்றில் பெரும்பங்கு உடற்பயிற்சிக்கானவை அல்ல. வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போகிறவை. சைக்கிள் திருட்டுப் போனால் காவலாளிக்கோ கூலித் தொழிலாளிக்கோ பல நாள் வருமானம் போகிறது. அடுத்த நாள் பஸ் கட்டணத்தோடு விடிகிறது. ஆகவே அவர் கனமான சங்கிலியாகப் பார்த்து வாங்குகிறார். திருட்டுப் பயம் எவ்வளவோ அவ்வளவு எடை. பூட்டு கனக்கக் கனக்க, தொங்கும்போது அதன் ஆட்டமும் அதிகம். சைக்கிளைக் காப்பாற்ற வாங்கிய பொருள் சைக்கிள்காரருக்கே எதிராகத் திரும்புவது இப்படித்தான்.

சங்கிலி ஏன் ஹேண்டில்பாரிலேயே போய் விழுகிறது? அவசரம்தான் காரணம். ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் மாலை வண்டி வந்து நின்றதும் நடப்பதைக் கவனித்தால் புரியும். டோக்கனைக் கொடுத்து, நெரிசலில் சைக்கிளை உருவி எடுத்து, பூட்டைத் திறந்ததும் கை அடுத்துப் போவது ஹேண்டில்பாருக்கு. கையிலிருக்கும் சங்கிலியும் அங்கேயே தங்கிவிடுகிறது.

இருக்கும் இடங்களிலேயே மோசமான இடம் அது. கணக்கு எளிது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது சாதாரண சைக்கிள் வேகம். அந்த வேகத்தில் 28 அங்குலச் சக்கரம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை சுழல்கிறது. ஹேண்டில்பாரிலிருந்து நழுவிய சங்கிலியின் நுனி முன்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் நுழைந்தால், சக்கரம் அதை இழுத்துக்கொண்டு போய் ஃபோர்க்கின் காலில் மோதவிடும். ஒரு முழுச் சுற்றுக்கே அரை விநாடிதான். பிரேக்கை நோக்கி விரல் நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பின்சக்கரம் சிக்கினால் அது தரையில் இழுபடும், சைக்கிள் சறுக்கும், பெரும்பாலும் கால் ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் சட்டென்று நின்றால் அப்படியல்ல. சைக்கிளும் அதன்மேல் இருப்பவரும் வந்த வேகத்திலேயே முன் அச்சைச் சுற்றிக் கவிழ்கிறார்கள். தலையும் தோளும் முதலில் தரையைத் தொடுகின்றன. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தில் சிக்காவிட்டாலும் ஹேண்டிலின் ஒரு பக்கம் ஒரு கிலோ எடை ஊசலாடுவது திருப்பங்களில் கையை இழுக்கும்; பிரேக் கம்பிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே புகுந்து பிரேக்கையும் தடுக்கும்.

அப்படியானால் எங்கே வைப்பது? சக்கரத்துக்கு மேலே எதுவும் தொங்கக் கூடாது, எதற்கும் தொங்கும் நுனி இருக்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் பார்க்கலாம்.

சீட்டைத் தாங்கும் தண்டு சங்கிலிக்கும் கேபிளுக்கும் பொருத்தமான இடம். தளர்வாக மாட்டாமல் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு இரு நுனிகளையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாத வளையம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நாலு பள்ளத்தில் தளர்ந்துவிடும். பூட்டின் தலை தொடையில் உரசாதபடி பின்பக்கம் இருப்பது நல்லது. ஆனால் அது சிவப்புப் பிரதிபலிப்பானை மறைக்கக் கூடாது. சைக்கிள்களில் பொருத்தும் பிரதிபலிப்பான்களுக்குத் தரம் நிர்ணயித்து மத்திய அரசு 2020இல் ஆணை பிறப்பித்தது. இருட்டில் லாரி ஓட்டுநருக்குத் தெரிவது அந்தச் சிவப்புத் துண்டு ஒன்றுதான். அதன்மேல் சங்கிலியைச் சுற்றி வைத்தால் ஆணையும் பயனில்லை, பிரதிபலிப்பானும் பயனில்லை.

கேரியர் இருந்தால் அதுவும் ஏற்றதே. ஆனால் கேரியரின் கிளிப் டிபன் டப்பாவுக்கும் பைக்கும் செய்யப்பட்டது. வழுக்கும் சங்கிலிக்கு அல்ல. சங்கிலியைக் கேரியர் கம்பிகளுக்குள் நுழைத்து எடுத்துப் பூட்டிவிட வேண்டும், அல்லது பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் கட்ட வேண்டும். கட்டாமல் வைத்தால் நுனி பக்கவாட்டில் சரிந்து பின்சக்கரத்தைத் தேடிப் போகும். சைக்கிளின் முன்கூடை கேபிளுக்குச் சரி. கனமான பூட்டுக்கு வேண்டாம். துள்ளி வெளியே விழும் சாத்தியம் உண்டு. கூடையின் அடிக்கம்பி விட்டுப்போயிருந்தால் அந்த ஓட்டையும் முன்சக்கரத்துக்கு மேலேதான் இருக்கிறது.

யூ வடிவ இரும்புப் பூட்டோடு ஃபிரேமில் மாட்டும் பிளாஸ்டிக் பிடி ஒன்றும் கொடுக்கிறார்கள். சாலை அதிர்வில் அதன் திருகு மெதுவாகத் தளரும். மாதம் ஒரு முறை திருகை முறுக்கிப் பார்க்க வேண்டும். பிடி விரிசல் விட்டிருந்தால் கயிற்றால் கட்டிச் சமாளிப்பதைவிடப் பூட்டைப் பையில் போட்டுக்கொள்வது மேல். பையில் போடுவதென்றாலும் கேரியர் பையே நல்லது. முதுகுப் பைக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓர் இரும்புத் துண்டு இருந்தால், மல்லாந்து விழும்போது அடி அதன் மேலேதான் படும். சங்கிலியைக் கழுத்திலோ தோளிலோ மாலைபோல் போட்டுக்கொள்ளும் பழக்கம் பையன்களிடம் உண்டு. விழும்போது கை சிக்கும், கழுத்தும் சிக்கும். விட்டுவிட வேண்டிய பழக்கம்.

நடு பாரில் சுற்றுபவர்களும் உண்டு. ஆபத்து குறைவு. ஆனால் பெயின்ட் உரிந்து அந்த இடத்தில் துருப்பிடிக்கும். முழங்கால் உரசவும் செய்யும். இதற்குப் பஞ்சர் கடையிலேயே மருந்து இருக்கிறது. தேய்ந்துபோன டியூபை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி அதற்குள் சங்கிலியை நுழைத்துவிட்டால் போதும். பெயின்ட் பிழைக்கும், ஓசை அடங்கும், வெயிலில் காய்ந்த இரும்பு கையைச் சுடாது.

எங்கே வைத்தாலும் கிளம்புமுன் மூன்று சோதனைகள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பது. சைக்கிளை அரையடி தூக்கித் தரையில் போட்டுப் பூட்டு நகர்கிறதா என்று பார்ப்பது. பத்தடி உருட்டி ஓசை கேட்பது. கலகலவென்றால் மறுபடி கட்ட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து அரை நிமிடம் ஆகாது.

பழைய பின்சக்கரப் பூட்டு வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. திறந்த நிலையில் கம்பியை உள்ளே பிடித்து வைத்திருப்பது சுருள்வில்லும் ஒரு சிறு கொக்கியும்தான். அவை தேய்ந்தாலோ, ஃபிரேமோடு இறுக்கும் திருகுகள் தளர்ந்து பூட்டு சாய்ந்தாலோ, ஓட்டத்திலேயே கம்பி ஆரக்கம்பிகளைத் தொடக்கூடும். நெம்பை விரலால் ஆட்டிப் பார்த்தால் தளர்ச்சி தெரிந்துவிடும். தளர்ந்த பூட்டை மாற்றும் செலவு சில ஆரக்கம்பிகளையும் ரிம்மையும் மாற்றும் செலவைவிடக் குறைவு.

இந்தப் பூட்டில் சாவி ஓட்டத்தின்போது பெரும்பாலும் பூட்டிலேயே இருக்கிறது. அதோடு வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, கோயிலில் வாங்கிய வளையம், சிவப்பு நூல் எல்லாம் சேர்ந்து ஒரு கொத்தாகத் தொங்கும். தொங்குவது சுழலும் ஆரக்கம்பிகளுக்கு நான்கு விரல் தள்ளி. சைக்கிள் சாவி தனியாக, நூலோ வளையமோ இல்லாமல் இருக்க வேண்டும். கொத்தோடு இருந்தால் வேறொரு நஷ்டமும் உண்டு. பால் வாங்க இரண்டு நிமிடம் இறங்கும்போது பூட்டாமல் விட்டால், சைக்கிளோடு வீட்டுச் சாவியும் போகும்.

திறந்திருக்கும் பூட்டைத் திருடனும் கவனிக்கிறான். திறந்து தொங்கவிட்ட பூட்டை எடுத்துக்கொண்டு அதே மாதிரி இன்னொன்றைத் தொங்கவிட்டுப் போவது பழைய தந்திரம். உரிமையாளர் வந்து அதைப் பூட்டிச் செல்வார். சாவி அவனிடம் இருக்கும். நம்பர் பூட்டில் இன்னும் வசதி. திறந்த நிலையில் அப்படியே விட்டால் சக்கரங்களில் ரகசிய எண் வரிசையாகத் தெரிந்துகொண்டிருக்கும். திறந்ததும் எண்களைக் கலைத்துவிடுவது ஒரு நொடி வேலை.

தினமும் சுமப்பது சிரமம் என்று கனமான பூட்டை அலுவலக வாசல் கம்பத்திலேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. வழியில் எங்கும் நிறுத்தாதவர்களுக்கு அது வசதியே. கம்பத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். பூட்டின் தலை தரையில் படாமல் மேலே இருக்க வேண்டும். சாவித்துவாரம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கிய துவாரம் மழைக்கும் மணலுக்கும் குறும்புக்காரர்களின் தீக்குச்சிக்கும் திறந்த வாய்.

மழைக்காலம் பூட்டுக்குத் தேர்வுக்காலம். ஜூனில் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் மழை வந்து சேரும்போது பூட்டுக்குள்ளும் துரு வந்து சேர்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஆண்டு முழுவதும் அந்த வேலையைச் செய்கிறது. துணி உறை போட்ட சங்கிலி பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கும். நனைந்தால் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். வீடு சேர்ந்ததும் பூட்டைச் சைக்கிளிலிருந்து எடுத்துத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஆணியில் மாட்டுவதே முறை. பாலித்தீன் பையில் முடிந்து வைத்தால் துருவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். கேபிள் பூட்டை அதன் இயல்பான சுருளிலேயே விட வேண்டும். மடித்து ஒடுக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது.

இறுகிய பூட்டுக்கு வீட்டில் கைக்குக் கிடைக்கும் மருந்து சமையல் எண்ணெய். கடலை எண்ணெயும் கடுகெண்ணெயும் நாள்பட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். டெல்லியின் ஜனவரிக் காலையில் அது பூட்டுக்குள் மெழுகாக உட்கார்ந்திருக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, சாவியைப் பலமுறை போட்டு எடுத்து, வழிவதைத் துடைத்துவிட்டால் போதும். புழுதி அதிகமான ஊர்களில் எண்ணெயைவிடப் பென்சில் மேல். சாவியின் பற்களில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துச் சாவியை உள்ளே விட்டு எடுக்கலாம். அது தூசியைப் பிடித்து வைப்பதில்லை. ஆனால் எண்ணெயா பென்சிலா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் கலந்தால் களிம்பாகும்.

கோடை விடுமுறைக்கு மாணவர் விடுதியைக் காலி செய்பவர்களும் அறுவடைக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்களும் மாதக்கணக்கில் பூட்டைத் தொடாமல் விடுகிறார்கள். திரும்பி வரும்போது சாவி திரும்புவதில்லை. போகுமுன் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. மாற்றுச் சாவியைப் பூட்டோடு கட்டி வைக்கக் கூடாது. சாவியில் எண் பொறித்திருந்தால் அதையும் சைக்கிள் ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் வைக்க வேண்டும். முதல் எண் சாவி செய்யும் கடைக்காரருக்கு, இரண்டாவது போலீஸ் புகாருக்கு.

இவ்வளவும் பெரியவர்களுக்கு. ஆனால் சாலையில் புதிதாக வந்து சேர்ந்த சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தமிழகத்தில் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கினார்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. மேற்கு வங்கத்தில் 2015இல் ‘சபுஜ் சாத்தி’ வந்தது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்த நல்ல காரியம். அவர்களில் பலருடைய வீட்டில் அதுதான் முதல் வண்டி. அதைப் பறிகொடுக்கக் கூடாது என்ற பயமும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே சங்கிலி வருகிறது. புத்தகப் பையும் தண்ணீர் பாட்டிலும் தொங்கும் அதே ஹேண்டில்பாரில் அதுவும் தொங்குகிறது.

சைக்கிள் கொடுக்கும் விழாவுக்கு மந்திரி வருகிறார், பந்தல் வருகிறது, மைக் வருகிறது. பக்கத்துத் தெருவின் சைக்கிள் கடைக்காரரை அரை மணி நேரம் அழைத்து வந்தால் இன்னும் நன்றாக இருக்கும். பிரேக் கட்டை எப்போது தேயும், சீட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், துப்பட்டாவை எங்கே முடிந்துகொள்ள வேண்டும், பூட்டை எங்கே மாட்ட வேண்டும் என்பதையெல்லாம் அவர் கையால் தொட்டுக் காட்டிவிடுவார். வண்டியோடு ஒரு துண்டு ரப்பர் பட்டையும் கொடுத்தால் அரசாங்கத்தின் கஜானா காலியாகிவிடாது.

சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பூட்டு இல்லாமல் சைக்கிளை யாரும் வெளியே எடுப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலுக்கு ஃபிரேமில் இரண்டு துளை போட்டு இடம் விடுகிறவர்கள் பூட்டுக்கும் இரண்டு துளை போடலாம். அரை நூற்றாண்டுக்கு முன்னால் செய்த கறுப்பு சைக்கிளில் அந்த யோசனை இருந்தது.

அதுவரை பொறுப்பு ஓட்டுகிறவருடையது. நாளை காலை ஓக்லா சாலையில் அந்தச் சங்கிலிகள் மறுபடி கலகலக்கும். ஹேண்டில்பாரிலிருந்து அதை எடுத்து சீட்டுக்குக் கீழே சுற்றிப் பூட்ட ஒரு நிமிடம் போதும். ஓசை நின்றுவிட்டால் சரியாக வைத்தாயிற்று என்று அர்த்தம்.